பிசாசை எங்கே தேடுகிறோம்?

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும், எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழு சூடுபிடித்துவிடும். ஹாலோவீன் என்பது சாத்தானின் பிறந்தநாள், மாலில் முகமூடி போட்டுச் சுற்றுகிற பிள்ளைக்குள் அசுத்த ஆவி புகுந்துவிடும், இன்ன சாக்லேட் உறையில் இன்ன குறியீடு இருக்கிறது, அந்தக் கூல்டிரிங்க்ஸ் டப்பாவில் 666 ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள், அனுப்பாமல் அழித்தால் ஆசீர்வாதம் தடைபடும். மாந்திரீகத்தை எதிர்க்கிற செய்திக்கே ஒரு மாந்திரீக வால்! அனுப்புகிற அத்தைமாரிடம் இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிசாசு இருக்கிறான் என்று நம்புகிறவன் நான். ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இயேசுவை நம்புகிறேன், ஆனால் அவர் எதிர்த்து நின்றவனை மட்டும் அந்தக் காலத்து அறியாமை என்று ஒதுக்கிவிடுவேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பிசாசுகளைத் துரத்துகிற பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டால் மாற்கு சுவிசேஷம் ரொம்பவே மெலிந்துபோகும். என் சண்டை வேறு. அவனைத் தேட வேண்டிய இடத்தில் தேடாமல் சாக்லேட் உறையில் தேடிக்கொண்டிருக்கிறோம், அதுதான் என் ஆத்திரம்.

இந்தத் தேடலால் நடந்த அநியாயங்களும் கொஞ்சநஞ்சம் இல்லை. விக்ஸ், ஏரியல் விற்கிற பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் பழைய சின்னத்தில் நிலாவும் நட்சத்திரங்களும் இருந்தன. அது சாத்தானின் சின்னம், அந்தக் கம்பெனி லாபத்தைச் சாத்தான் சபைக்குக் கொடுக்கிறது என்று 1980களில் அமெரிக்கா முழுக்க வதந்தி ஓடியது. பரப்பியதில் சபைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. கடைசியில் அந்த வதந்தியைப் பரப்பிய, போட்டி நிறுவனத்தின் விற்பனையாளர்களாக இருந்த சிலர் மீது தொடர்ந்த வழக்கில் 2007இல் நிறுவனத்துக்கு 1 கோடியே 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நஷ்டஈடு தீர்ப்பானது. இதைவிடக் கொடுமை கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு. ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சாத்தானியச் சடங்குகளில் கொடுமைப்படுத்தினார்கள் என்று குற்றச்சாட்டு, வருடக்கணக்கில் விசாரணை, 1990இல் முடிந்தபோது ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. அதற்குள் அந்த ஆசிரியர்களின் வாழ்க்கை போயே போய்விட்டது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. சாத்தானை எதிர்ப்பதற்காகச் சொன்னால் அது பொய்ச்சாட்சி ஆகாது என்று எந்த வசனத்திலும் நான் பார்த்ததில்லை.

சரி, மும்பைக்கு வருகிறேன். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன், அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். இந்த ஊரில் மாந்திரீகத்தைத் தேடி அலைய வேண்டியதே இல்லை, லோக்கல் ரயிலில் ஏறினால் தலைக்கு மேலே ஒட்டியிருக்கும். பாபா பெங்காலி, காதல் தோல்வி, வியாபார நஷ்டம், கணவன் மனைவி தகராறு, சொன்ன நேரத்தில் தீர்வு, கீழே ஒரு மொபைல் எண். சனிக்கிழமை காலையில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கடை கடையாக விற்றுக்கொண்டு வருவார்கள், டாக்ஸியின் முன்னாலும் தொங்கும். பாந்திரா பக்கம் போனால் அதே சரக்கு ஏசி அறையில் கிடைக்கும்: டாரோ சீட்டு, கிரிஸ்டல் கல், போனில் 11:11 தெரிந்தால் தேவதூதன் பேசுகிறான், வேண்டியதைக் காலையில் மூன்று தடவை, மதியம் ஆறு தடவை, இரவில் ஒன்பது தடவை எழுதினால் நடக்கும். எங்கள் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளில் பாபா பெங்காலியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறவர்கள்தான் இந்த 369ஐ நோட்டில் எழுதுகிறார்கள். அந்தப் போஸ்டர் ஏழைகளுக்கானது, மட்டமான அச்சு. இது இன்ஸ்டாகிராமில் இளஞ்சிவப்பு எழுத்தில் வருகிறது. வேறு என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை.

இவர்களை நான் குறை சொல்லவில்லை. ஏன் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வேலைக்கு நேர்காணல் முடிந்து மாதக்கணக்கில் பதில் வராது. மகளுக்கு வரன் வந்து வந்து தட்டிப்போகும். ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடி எடுங்கள் என்பார். முழங்கால் தேய ஜெபித்தும் வானம் பித்தளையாக இருக்கும். அந்த நேரத்தில்தான் ஒருவன் வந்து, எனக்குத் தெரியும், சொல்லட்டுமா என்பான்.

1 சாமுவேல் 28ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒரு தடவை வாசியுங்கள். இஸ்ரவேலின் ராஜா சவுல்தான் அஞ்சனம் பார்க்கிறவர்களையும் குறிசொல்லுகிறவர்களையும் தேசத்தை விட்டுத் துரத்தியவன். கொள்கையில் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு அவன் கொஞ்சமும் சளைத்தவன் இல்லை. பெலிஸ்தரின் பாளயத்தைப் பார்த்ததும் பயம் பிடிக்கிறது. கர்த்தரிடம் கேட்கிறான், சொப்பனத்திலும் பதில் இல்லை, ஆசாரியர் மூலம் கேட்கும் ஊரீமிலும் இல்லை, தீர்க்கதரிசிகள் மூலமும் இல்லை. அந்த மௌனத்தை அவனால் தாங்க முடியவில்லை. வேஷம் மாறி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ராத்திரியில் எந்தோரில் இருக்கிற குறிசொல்லுகிற பெண்ணின் வீட்டுக்குப் போய், செத்துப்போன சாமுவேல் தீர்க்கதரிசியை எழுப்பச் சொல்கிறான். வந்தது சாமுவேலேதானா, வேறு ஏதாவதா என்று சபைப் பிதாக்கள் காலத்திலிருந்து வாதம் நடக்கிறது, நடக்கட்டும். நான் அந்தக் கதையில் பார்ப்பது அவன் கேட்டு வாங்கின செய்தியை. நாளைக்கு நீயும் உன் குமாரரும் சாவீர்கள் என்கிறது. தெரிந்துகொண்டு என்ன செய்தான்? நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தான், அவ்வளவுதான். எதிர்காலம் தெரிந்தது, ஆனால் அதில் ஒரு மணி நேரத்தைக்கூட அவனால் மாற்ற முடியவில்லை. இன்னொன்று, அந்த அதிகாரத்தில் மனிதத்தன்மையோடு நடந்துகொள்கிற ஒரே ஆள் அந்தப் பெண்தான். தன் தொழிலைத் தடைசெய்த ராஜா என்று தெரிந்த பிறகும், சாப்பிடாமல் கிடக்கிறானே என்று வீட்டில் இருந்த கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, ரொட்டி சுட்டுக் கொடுக்கிறாள். நம் பிரசங்கங்களில் அவளுக்குச் சூனியக்காரி என்ற பேரோடு கதை முடிந்துவிடுகிறது.

வாலிபர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஆவியோடு பேசுகிறதாகச் சொல்லும் ஓஜா போர்டு பற்றியது. ஹாஸ்டலில் பேப்பரில் எழுத்துகளை எழுதி, காசு வைத்து, விரல் வைத்து, காசு நகர்ந்தது அங்கிள், யாரும் தள்ளவில்லை என்பார்கள். நகர்ந்திருக்கும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆவியை அழைக்கும் பைத்தியம் லண்டனில் பரவியிருந்தபோது, 1853இல் மைக்கேல் ஃபாரடே அதைச் சோதித்தார். மின்சாரத்தில் நாம் படித்த அதே ஃபாரடே, விசுவாசமுள்ள கிறிஸ்தவர். கைக்கும் மேஜைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கிவைத்து, முதலில் நகர்வது மேஜையா கையா என்று பார்த்தார். கைதான். உட்கார்ந்தவர்கள் பொய் சொல்லவில்லை, தாங்கள் தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை. இந்த ஆவி மோகம் எல்லாம் தொடங்கியது 1848இல், நியூயார்க் மாகாணத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் வீட்டில் கேட்ட தட்டல் சத்தத்தில். நாற்பது வருஷம் கழித்து, 1888இல், அவர்களில் ஒருத்தியே மேடையேறி, அது கால்விரல் மூட்டைச் சொடுக்கிய சத்தம் என்று செய்து காட்டினார். ஓஜா போர்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1891இல், விளையாட்டுப் பொருளாக. 1966க்குப் பிறகு மோனோபோலி விற்கிற கம்பெனிதான் அதையும் விற்றது.

அப்போ விளையாடலாமா என்பார்கள். கூடாது என்றுதான் சொல்வேன். காசை நகர்த்துவது விரலாகவே இருக்கட்டும், அதன் முன்னால் உட்காருகிற மனசு எதற்காக உட்காருகிறது? உபாகமம் 18 இதை எல்லாம் வரிசையாகச் சொல்லி விலக்குகிறது. பலிக்கும் பலிக்காது என்கிற ஆராய்ச்சியே அங்கே கிடையாது. உனக்கு ஒரு தீர்க்கதரிசியை எழும்பப்பண்ணுவேன், அவனுக்குச் செவிகொடு என்று அதே அதிகாரம் போகிறது. யாரிடம் கேட்கிறாய் என்பதுதான் அங்கே கேள்வி. செத்துப்போன அப்பாவோடு ஒரு தடவை பேச வேண்டும் என்று காசில் விரல் வைத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுக்குப் பிசாசு பிடிக்கவில்லை. ஆனால் வந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு கொஞ்சம் இல்லை, படிப்பே போய்விட்டது. ஆவி வந்ததா இல்லையா என்று தெரியாமலே ஒருவனைக் கட்டிப்போட முடியும் என்பதை அவனிடம்தான் பார்த்தேன்.

இப்போது அப்போஸ்தலர் 19. எபேசு பட்டணம் அந்தக் காலத்தில் மந்திரத்துக்குப் பேர்போன ஊர். எபேசிய எழுத்துகள் என்றே ஆறு மந்திரச் சொற்கள் இருந்தன, அர்த்தம் யாருக்கும் தெரியாது, தகட்டில் எழுதி உடம்பில் கட்டிக்கொள்வார்கள். நம்ம ஊர்த் தாயத்துதான். அங்கே மனந்திரும்பியவர்கள் தங்கள் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள், மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒருநாள் கூலி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், தலை சுற்றும். கவனியுங்கள், அவர்கள் எரித்தது தங்களுடையதை. பக்கத்து வீட்டுக்குள் புகுந்து எதையும் எடுக்கவில்லை. அதே அதிகாரத்தின் கடைசியில், கலகக் கூட்டத்தை அடக்குகிற பட்டணத்துச் சம்பிரதி, இவர்கள் கோயிலைக் கொள்ளையடிக்கவும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷிக்கவும் இல்லை என்று பவுலின் ஆட்களுக்குச் சாட்சி சொல்கிறான். வெளியாள் கொடுத்த சாட்சி!

தாராவியில் எங்கள் லைனில் பக்கத்து வீட்டு அக்கா சுடலைமாடனுக்குப் படையல் போட்டால், அந்த வீட்டையே பேய் வீடு என்று சொல்லுகிற நம்மவர்களைப் பார்க்கிறேன். கொரோனா ஊரடங்கில் எங்கள் வீட்டுக்கு அரிசி கொடுத்தது அந்த வீடுதான். இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல், 1849இல் எங்கள் பக்கத்து நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய நூலில், அவர்களின் வழிபாட்டை மொத்தமாகப் பேய் வழிபாடு என்றே எழுதினார். பிற்காலத்தில் அந்தச் சமூகமே, அதில் கிறிஸ்தவர்களும் சேர்ந்து, அந்த நூலை எதிர்த்தது. மொழியில் அவர் மேதை, அதில் சந்தேகமில்லை. மனிதர்களைப் பற்றி எழுதும்போது அந்த நிதானம் இல்லை.

இனி எனக்கு உண்மையிலேயே எரிகிற இடத்துக்கு வருகிறேன். புதிய ஏற்பாட்டில் பிசாசு துரத்தப்படுகிற கதைகளில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கதரேனர் நாட்டில் லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் ஒருவனை விட்டுப் போய்ப் பன்றிகளுக்குள் புகுந்தபோது ஏறக்குறைய 2,000 பன்றிகள் கடலில் மூழ்கிப் போயின, ஊரார் இயேசுவைப் போய்விடும்படி கேட்டுக்கொண்டார்கள். பிலிப்பியில் குறிசொல்லுகிற பெண்ணிடமிருந்து ஆவி போனதும், "எஜமான்களுக்கு மிகுந்த ஆதாயத்தை உண்டாக்கின" பெண் அவள் என்பதால், ஆதாயம் போன எஜமான்கள் பவுலையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட வைத்தார்கள். எபேசுவில் 50,000 வெள்ளிக்காசு சாம்பல், வெள்ளித்தட்டான் தெமேத்திரியுவுக்கு வியாபாரம் படுத்துவிடும் என்று கலவரம். அங்கே விடுதலை நடந்தால் யாருக்காவது வருமானம் போகிறது. நம்முடைய விடுதலைக் கூட்டங்களில் யாருக்காவது வருமானம் வருகிறது.

அபிஷேக எண்ணெய் பாட்டில், ஜெபித்த கைக்குட்டை, வீட்டு மூலைகளில் தெளிக்கும் தண்ணீர். உங்கள் குடும்பத்தில் தலைமுறைச் சாபம் இருக்கிறது, உங்கள் தாத்தாவுக்கு யாரோ செய்த ஏவல் தொடர்கிறது, அதை முறிக்க விசேஷ காணிக்கை. பெயரைச் சொல்லி அழைத்து, பச்சைச் சட்டை போட்ட சகோதரனே, உன் வீட்டில் ஒரு குழி தோண்டியிருக்கிறது என்று தீர்க்கதரிசனம். இதற்கும் லோக்கல் ரயில் போஸ்டருக்கும் என்ன வித்தியாசம், வசனம் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதானே. எசேக்கியேல் 13இல் தாயத்துபோலக் கையில் கட்டுகிற தழுவணைகளைத் தைத்து, சில கைப்பிடி வாற்கோதுமைக்காகவும் அப்பத்துண்டுகளுக்காகவும் ஜனங்களின் ஆத்துமாக்களை வேட்டையாடுகிறவர்களைக் கர்த்தர் திட்டுகிறார். அவர்கள் பாபிலோன்காரிகள் அல்ல, சொந்த ஜனத்தின் குமாரத்திகள், அவர் பேரைச் சொல்லித்தான் செய்தார்கள். "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை" என்று சுவரில் காலண்டர் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி வாசலில் போட்ட எலுமிச்சம்பழத்தைப் பார்த்து மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கிறோமே, யார் நம்மை இப்படிப் பயப்பட வைத்தது?

என் சித்தி மகள் அம்பர்நாத்தில் இருக்கிறாள். முதல் குழந்தை பிறந்து சில நாளில் தூக்கம் போனது. பிறகு, இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்றாள், யாரோ காதில் பேசுகிறார்கள் என்றாள். மாமியார் செய்வினை என்றார். வாடகை மண்டபத்தில் நடக்கிற ஒரு விடுதலைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள், அதன் பேர் இங்கே வேண்டாம். தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, உன் பேர் என்ன, உன் பேர் என்ன என்று ஒரே கேள்வி, மைக்கில். தூங்காத, பாலூட்டுகிற, பயந்துபோன ஒரு பெண்ணிடம் அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒரு பேரைச் சொல்லத்தானே செய்வாள்? சொன்னாள், தெருவில் தூக்குப்போட்டுச் செத்த ஒருத்தியின் பேரை. கூட்டம் அல்லேலூயா என்றது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துங்கள், அது விசுவாசக்குறைவு என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், குழந்தையையும் அவளையும் தனியாக விடாதீர்கள் என்றார். பிரசவத்துக்குப் பின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திற்குள் தொடங்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம், ஆனால் சிகிச்சையில் நன்றாகக் குணமாகும். அவளுக்கும் ஆனது. சில மாதங்களில் பிள்ளையைக் கொஞ்ச ஆரம்பித்தாள். மாற்கு 5இல் லேகியோன் பிடித்திருந்தவனைப் பற்றி, "வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்து, உட்கார்ந்திருக்கிறதை" ஜனங்கள் கண்டார்கள் என்று இருக்கிறதே, அந்த வரியை நான் அவளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். மண்டபத்தில் அவளுக்குக் கிடைத்தது அதற்கு நேர் எதிரானது.

வேதத்தில் வியாதியே பிசாசுதானே என்று சிலர் வருவார்கள். மத்தேயு 4:24ஐப் பாருங்கள், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு வருகிறவர்கள்), திமிர்வாதக்காரர் (பக்கவாதம் வந்தவர்கள்) என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. 17ஆம் அதிகாரத்தில் ஒரு பையனுக்கு இரண்டும் கலந்து வருகிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை. எல்லாவற்றையும் கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது. பிரிக்க முடியாத இடத்தில் ஜெபமும் செய்வோம், டாக்டரிடமும் போவோம். கத்தோலிக்கர்களைக் கிண்டல் செய்வது நம் ஆட்களுக்கு ஒரு பொழுதுபோக்கு, ஆனால் பேயோட்டுவதற்கு அங்கே ஆயரின் அனுமதி வேண்டும், கண்ட பாதிரியாரும் செய்ய முடியாது. 1999இல் திருத்திய சடங்கு முறை, மனநோயைப் பேய் என்று எண்ணிவிடாதபடி எச்சரிக்கிறது. நம்மிடம் மைக்கும் கீபோர்டும் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

சட்டமும் இருக்கிறது. பகுத்தறிவாளர் நரேந்திர தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொன்ற பிறகு, அவர் வருடக்கணக்கில் கேட்டுப் போராடிய மாந்திரீகத் தடைச் சட்டம் மகாராஷ்டிராவில் அந்த வருடமே வந்தது. தாபோல்கர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பேய் விரட்டுகிறேன் என்று கட்டிவைத்து அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, வைத்தியத்தைத் தடுப்பது எல்லாம் அதில் குற்றம், 6 மாதம் முதல் 7 வருடம் வரை சிறை. எந்த மதம் என்று சட்டம் பார்க்காது. சிலர் இதைக் கிறிஸ்தவர்களுக்கு எதிரான சட்டம் என்கிறார்கள். என் சித்தி மகளின் முடியைப் பிடித்து இழுத்தபோது அந்தச் சட்டம் யார் பக்கம் நின்றிருக்கும் என்று யோசித்தால், எனக்கு அதில் எதிர்க்க ஒன்றும் தெரியவில்லை. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வருகிறவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள். பேய் பிடித்தது என்று வீட்டாரே கொண்டுபோய் விட்டவர்கள் அங்கே நிறைய, எல்லா மதத்தாரும் போகிற ஊர் அது.

என் சித்தி மகள் இப்போதும் சபைக்கு வருகிறாள். யாராவது தலையில் கை வைத்து ஜெபிக்க வந்தால் மட்டும் இரண்டடி தள்ளி நிற்கிறாள். அதனால் எங்கள் பாஸ்டர், கை வைக்கலாமா என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டே ஜெபிக்கத் தொடங்கியிருக்கிறார், சில பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் வீட்டிலோ சபையிலோ இப்படி யாராவது இருந்தால் 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அரசின் டெலி மானஸ் உதவி எண், இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். ஜெபிக்கிறேன் என்று வந்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், உங்கள் சொந்தப் பாஸ்டராகவே இருந்தாலும், டீ கொடுத்து அனுப்பிவிட்டு அந்த வேளை மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள்.